வழி விடாதே, சுடு!

கார்கள் யுத்தம் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டு

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு முறை போய் வாருங்கள். இப்போதைக்கு இந்தக் கட்டுரையோடு கூடவே வாருங்கள்.

காரவல்லி அடிவாரத்தில் பஸ் மலை ஏறத் தொடங்குகிறது. ஒரு வளைவு வருகிறது. பெண்கள் தலையில் குத்தும் கொண்டை ஊசியைப் பார்த்திருப்பீர்கள். போன கம்பி அப்படியே திரும்பி, வந்த பக்கமே போகும். ரோடும் அப்படித்தான் திரும்புகிறது. அது முடிந்தால் இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! எத்தனையாவது வளைவு என்று பலகை வைத்து எண் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். தலை சுற்றுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார்கள்.

மலைமேல் ஏறிப் போனால் செம்மேடு என்ற ஊர் வரும். கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. அவற்றில் ஒன்று வாழவந்தி நாடு. அந்த நாட்டைச் சேர்ந்தது செம்மேடு. "வாழ வந்த நாடு" என்று காதில் விழுகிறது அல்லவா? எவ்வளவு நல்ல பெயர்!

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள்.

40-வது வளைவில் நம்முடைய பஸ் திரும்புகிறது. எதிரே அன்னாசிப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிய ஒரு லாரி இறங்கி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போக இடம் இல்லை. நம்முடைய டிரைவர் என்ன செய்வார்? ஹாரன் அடிப்பார். கையைக் காட்டுவார். லாரிக்காரர் ஓரம் கட்டுவார். பஸ் மேலே போகும்.

அப்படிச் செய்யாமல், நம்முடைய டிரைவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் மூக்கிலிருந்து ஒரு யந்திரத் துப்பாக்கி "படபட"வென்று சுடுகிறது! லாரிக்காரரும் சும்மா இருக்கவில்லை. அவர் ராக்கெட் குண்டு வீசுகிறார்! எப்படி இருக்கும்?

"ஐயையோ!" என்கிறீர்களா? பயப்படாதீர்கள். இப்படி நடப்பது ஒரு விளையாட்டில். கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு. அதன் பெயர் "ஆட்டோடூயல்".

ஆட்டோ என்றதும் நம் ஊர் மூன்று சக்கர ஆட்டோவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஆட்டோ என்றால் மோட்டார் கார். டூயல் என்றால் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று மோதுவது. கார்கள் மோதும் துவந்த யுத்தம் என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். இந்த விளையாட்டு 1985-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று.

மகனை இழந்த தகப்பன்

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது? அது ஒரு கதையிலிருந்து பிறந்தது.

1971-ம் ஆண்டில் ஆலன் டீன் பாஸ்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். எதிர்காலத்தில் நடக்கும் கதை. பெரிய ரோடுகளில் கார் ஓட்டுகிறவர்கள் ஆயுதம் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அந்த ரோட்டில் ஒரு பையன் கொல்லப்படுகிறான். மகனைப் பறிகொடுத்த தகப்பன் பழி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கதை இதுதான்.

இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. "இதை ஒரு விளையாட்டாகச் செய்தால் என்ன?" சாட் இர்பி, ஸ்டீவ் ஜாக்சன் என்ற இரண்டு பேர் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் "கார் வார்ஸ்" என்ற விளையாட்டை உண்டாக்கினார்கள்.

அது கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு அல்ல. தாயக்கட்டம் போல மேஜைமேல் வைத்து ஆடுவது. அட்டையில் வெட்டிய சின்னச் சின்னக் கார்கள். கட்டம் போட்ட காகிதம்தான் ரோடு. பகடையை உருட்டினால் குண்டு பட்டதா, தப்பியதா என்று தெரியும். ஆட்டத்தில் ஒரு முறை என்பது கார் ஓட்டத்தில் ஒரே ஒரு வினாடி! அந்த ஒரு வினாடிக்குள் யார் எவ்வளவு தூரம் போனார், எந்தப் பக்கம் திரும்பினார், யாரைச் சுட்டார் என்று கணக்குப் போட வேண்டும். கண் மூடித் திறக்கும் நேரத்துச் சண்டையை மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடினார்கள்.

கணக்குப் போடுவதற்கென்றே ஒரு யந்திரம் இருக்கிறது அல்லவா? அதுதான் கம்ப்யூட்டர். அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அட்டை விளையாட்டு ஆட்டோடூயல் ஆயிற்று.

விண்வெளி வீரரின் மகன்

ஆட்டோடூயலைச் செய்தவர்கள் இரண்டு வாலிபர்கள். ஒருவர் சக் பூஷே. இன்னொருவர் ரிச்சர்ட் காரியட்.

ரிச்சர்டின் தகப்பனார் ஓவன் காரியட் லேசுப்பட்டவர் அல்ல. அவர் விண்வெளி வீரர். 1973-ம் ஆண்டில் "ஸ்கைலாப்" என்ற விண்வெளி நிலையத்தில் 59 நாட்கள் தங்கியிருந்தவர். தகப்பனார் வானத்துக்குப் போனார். மகன் கம்ப்யூட்டருக்குள் புதிய உலகங்களைக் கட்டினார். 1983-ல் அந்தக் குடும்பத்தாரும் சக் பூஷேயும் சேர்ந்து "ஆரிஜின்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆட்டோடூயல் வெளியானபோது ரிச்சர்டுக்கு வயது 24-தான். பிற்காலத்தில், 2008-ம் ஆண்டில், தம் சொந்தப் பணத்தைச் செலவு செய்து அவரும் விண்வெளிக்குப் போய் வந்தார். அப்பாவைப் போலப் பிள்ளை!

இந்த விளையாட்டு முதலில் "ஆப்பிள் 2" என்ற கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்டது. ஆட்டம் முழுவதும் மெல்லிய காந்தத் தட்டில் அடங்கியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரம் எழுத்துகள்தான் பதியலாம். இன்று கைப்பேசியில் ஒரு குழந்தையின் படம் பிடிக்கிறீர்கள். அந்த ஒரே ஒரு படத்தை வைக்க அப்படிப்பட்ட தட்டுகள் பல வேண்டும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஊர்கள், ரோடுகள், கார்கள், கொள்ளைக்காரர்கள் எல்லாரையும் அடைத்துவிட்டார்கள்! கடுகைத் துளைத்துக் கடலைப் புகட்டிய மாதிரி.

கையில் 2,000 டாலர்

விளையாட்டு எப்படி நடக்கிறது? கேளுங்கள்.

வருஷம் 2030. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி. பெரிய ரோடுகள் எல்லாம் வழிப்பறிக்காரர்கள் கையில் இருக்கின்றன. ஆயுதம் இல்லாத காரில் ஊர் விட்டு ஊர் போக முடியாது. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் போன்ற நகரங்கள் மட்டுமே கொஞ்சம் பத்திரமான இடங்கள்.

ஆடுகிறவர் நியூயார்க் நகரத்தில் நிற்கிறார். கையில் 2,000 டாலர். கார் கிடையாது. அந்தப் பணத்துக்கு நல்ல கார் வாங்க முடியாது. என்ன செய்வது?

அந்த ஊரில் ஒரு கோதா இருக்கிறது. மல்யுத்த கோதா அல்ல, கார் யுத்த கோதா! புதியவர்களுக்கென்று அங்கே ஒரு போட்டி நடக்கிறது. கார் இல்லாதவருக்கு அவர்களே ஒரு கார் கொடுப்பார்கள். ஜெயித்தால் பணப் பரிசு. தோற்றால் உயிர் போகலாம்.

பரிசுப் பணத்தைச் சேர்த்து ஆடுகிறவர் தமக்கென்று ஒரு கார் கட்டிக்கொள்கிறார். பிறகு ஊருக்கு ஊர் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைக்கிறது. வழியில் கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டும். உடைந்துபோன எதிரியின் காரிலிருந்து நல்ல சாமான்களைக் கழற்றிக்கொள்ளலாம். நாளுக்கு நாள் கார் ஓட்டும் திறமையும், குறி பார்க்கும் திறமையும் வளரும். பேரும் புகழும் சேரும். கடைசியில் நாட்டின் மத்தியப் போலீசாரே கூப்பிட்டு ரகசிய வேலை கொடுப்பார்கள்!

இப்படி ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒன்றும் இல்லாத நிலையிலிருந்து படிப்படியாக முன்னேறும் ஆட்டங்களுக்கு "பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு" என்று பெயர். அநேகமாக அவற்றில் ஆடுகிறவர் வாளும் கேடயமும் ஏந்திய வீரனாக இருப்பார். இதிலோ வாளுக்குப் பதில் கார்!

நாமக்கல் பட்டறை போல

இந்த விளையாட்டில் மிகவும் ரசமான பகுதி சண்டை அல்ல. காரைக் கட்டுவதுதான்.

கொல்லிமலை இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். நாமக்கல் என்றால் லாரி. லாரிக்குப் "பாடி" கட்டும் பட்டறைகளுக்குப் பேர் போன ஊர் அது. லாரி வாங்குகிறவர் வெறும் சேஸிஸை வாங்கி வருவார். பட்டறையில் அதன்மேல் பாடி கட்டுவார்கள். என்ன சுமை ஏற்றப் போகிறார், எந்த ரோட்டில் ஓட்டப் போகிறார் என்று பார்த்து அளவு சொல்லிக் கட்டிக்கொள்வார்.

ஆட்டோடூயலிலும் இதே கதைதான். சின்ன காரா, பெரிய காரா? சேஸிஸ் லேசானதா, கனமானதா? எவ்வளவு சக்தியுள்ள மோட்டார்? எல்லாவற்றையும் ஆடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். பிறகு ஆயுதங்கள். யந்திரத் துப்பாக்கி, ராக்கெட், நெருப்பு கக்கும் குழாய், பின்னால் வருகிறவனுக்காக ரோட்டில் போடும் கண்ணிவெடி, அவன் கண்ணை மறைக்கும் புகை என்று ஒரு பட்டியலே உண்டு.

பணம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் வாங்கி மாட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. ஒவ்வொன்றும் இடத்தை அடைக்கும். சேஸிஸ் இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. காரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே கவசத் தகடு போட வேண்டும். முன்பக்கம் கனமாகப் போட்டால் பின்பக்கம் போட எடை மிச்சம் இருக்காது. துப்பாக்கியைக் கூட்டினால் கவசம் குறையும். கவசத்தைக் கூட்டினால் வேகம் குறையும்.

ஒன்று வேண்டுமானால் இன்னொன்றை விட வேண்டும். மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மளிகைக்கு எவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிது அல்ல!

இன்னொரு விசேஷம். இந்தக் கார்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. பெட்ரோல் தட்டுப்பட்டுப் போன உலகத்தைக் கற்பனை செய்தார்கள். மின்சாரக் கார்கள் இன்று நம் ஊர் ரோட்டிலேயே ஓடுகின்றன. அந்தக் கற்பனை பலித்துவிட்டது. துப்பாக்கிக் கற்பனை பலிக்காமல் இருக்கட்டும்!

உயிருக்கு ஒரு நகல்

எவ்வளவு ஜாக்கிரதையாக ஓட்டினாலும் ஒரு நாள் குண்டு படும். கார் உடையும். ஆடுகிறவர் செத்துப்போவார். பிறகு?

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த உலகத்தில் ஒரு விசித்திரமான வைத்தியசாலை இருக்கிறது. அங்கே பணம் கட்டினால் நம்மைப் போலவே ஒரு நகல் உடம்பு செய்து வைப்பார்கள். நாம் செத்ததும் நகல் எழுந்து நடமாடும்! நகலுக்குப் பணம் கட்டாதவர் செத்தால் செத்ததுதான். சேர்த்த பணம், புகழ், திறமை எல்லாம் போய்விடும். மறுபடியும் 2,000 டாலரோடு ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் இதை ஆடியவர்களுக்குப் பயம் இருந்தது. சண்டை பலமானால் ஓடித் தப்பினார்கள். காரை ஓட்டிப் போகப் பயமாக இருந்தால் பஸ் ஏறிப் போனார்கள். ஆம், அந்த விளையாட்டில் பஸ்ஸும் உண்டு! துப்பாக்கிகள் நிறைந்த உலகத்திலும் புத்திசாலிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து போனார்கள்.

பெற்றோர் எழுதிய கடிதம்

"இதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்காதா?" என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்காவிலும் அப்படிக் கேட்டார்கள்.

ஆட்டோடூயலுக்கு முன்பே ரிச்சர்ட் காரியட் "அல்டிமா" என்ற வேறு விளையாட்டுகளைச் செய்து பெயர் வாங்கியிருந்தார். அவற்றிலும் ஆடுகிறவர் திருடலாம், யாரையும் வெட்டலாம். பெற்றோர்கள் அவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார்.

ஆட்டோடூயல் வந்த அதே 1985-ம் ஆண்டில் அவருடைய "அல்டிமா 4" என்ற ஆட்டமும் வந்தது. அதில் ஜெயிப்பதற்கு அசுரனைக் கொல்ல வேண்டியதில்லை. உண்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு நற்குணங்களையும் அடைய வேண்டும்! அந்த ஆட்டத்தில் கண் தெரியாத ஒரு கடைக்காரி வருகிறாள். அவளுக்குக் குறைத்துப் பணம் கொடுத்து ஏமாற்றலாம். அவளுக்குத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். ஏமாற்றியவன் நல்லவன் ஆக முடியாது.

ஒரே கம்பெனி. ஒரே வருஷம். ஒன்று துப்பாக்கி விளையாட்டு. இன்னொன்று நற்குண விளையாட்டு. ஆகவே விளையாட்டு என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளை எதை ஆடுகிறான், ஆடி முடித்ததும் எதை மனதில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

ஆரிஜின் கம்பெனியை 1992-ல் வேறொரு பெரிய கம்பெனி வாங்கிற்று. 2004-ல் அது மூடப்பட்டது. ஆனால் கார் மோதும் விளையாட்டுகள் மூடப்படவில்லை. அவை இன்று கைப்பேசியில் பளபளவென்று வருகின்றன. பல விளையாட்டுகளில் செத்தால் நகல்கூட வாங்க வேண்டியதில்லை. திரையைத் தொட்டால் போதும். அடுத்த வினாடி புதிய உயிர், புதிய வண்டி!

மலை ரோட்டில் நகல் இல்லை

இப்போது மறுபடியும் கொல்லிமலை ரோட்டுக்கு வாருங்கள்.

சனி, ஞாயிறு ஆனால் வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வருகிறார்கள். வரட்டும். மலையும் அருவியும் எல்லாருக்கும் பொது. ஆனால் சிலர் 70 வளைவுகளையும் கைப்பேசி விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். வளைவில் முந்துகிறார்கள். எதிரே வருகிறவருக்கு இடம் விடாமல் நடு ரோட்டில் படுத்துத் திருப்புகிறார்கள்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 ரோடு விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்துபோனார்கள். இது மத்திய அரசின் கணக்கு. நாள் ஒன்றுக்குச் சுமார் 460 பேர்! செத்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அதிக வேகத்தால் செத்தவர்கள். யார் வண்டியிலும் துப்பாக்கி இல்லை. வேகமே குண்டாக மாறிவிட்டது.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்ட பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு! 20 கிலோமீட்டர் வேகத்தில் 3 மீட்டரில் நிற்கிற வண்டி, 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டர் போய்த்தான் நிற்கும். இறக்கத்தில் இன்னும் அதிகம். வளைவிலோ அவ்வளவு ரோடே கிடையாது. அதற்கு அப்பால் பள்ளம்.

மலை டிரைவர்களுக்கு இது பாடம். எந்தக் கியரில் ஏறுவார்களோ அந்தக் கியரிலேயே இறங்குவார்கள். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை விட்டுவிடும்.

இன்னொரு பாடமும் உண்டு. ஒடுக்கமான மலை ரோட்டில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது மரியாதை மட்டும் அல்ல, மோட்டார் வாகன விதி. ஏன் அப்படி? பாரத்தோடு ஏறுகிற வண்டி பாதியில் நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம். பின்னால் உருண்டுவிடும் அபாயமும் உண்டு. கஷ்டப்படுகிறவனுக்கு முதல் வழி! சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இரக்கம் இருக்கிறது.

ஓரியின் மலை

கொல்லிமலைக்கும் ஒரு யுத்தக் கதை உண்டு. செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் கதை.

சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன் ஓரி. வில் வீரன். திருக்கோவலூர்ப் பக்கத்தை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அந்தக் காலத்து வீரனுக்குக் குதிரைதான் கார். ஓரிக் குதிரைமேல் ஓரியும், காரிக் குதிரைமேல் காரியும் வந்து மோதினார்கள். காரி ஜெயித்தான். ஓரி மாண்டான். கொல்லிமலை சேரன் கைக்குப் போயிற்று.

தோற்றுப்போனவனுக்கு இன்று சிலை எதற்கு? ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழா எதற்கு?

ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாடி வந்தவர்களுக்கு வாரிக் கொடுத்தவன். அவனைக் கொன்ற காரியும் அந்த ஏழு வள்ளல்களில் ஒருவன்தான். சங்கப் புலவர்கள் ஜெயித்தவனையும் தோற்றவனையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். கையில் இருப்பதைக் கொடுத்தவன் என்பதே அந்த வரிசைக்குள் வர வேண்டிய தகுதி.

ஆட்டோடூயல் விளையாட்டில் எதிரே வருகிறவன் எதிரி. அவனை முந்திச் சுட்டவன் கெட்டிக்காரன். விளையாட்டில் அது சரி. தோற்றாலும் நகல் உடம்பு இருக்கிறது. இந்த மலை ரோட்டில் எதிரே வருகிற பஸ்ஸில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை இருக்கலாம். பிரசவத்துக்குப் போகும் பெண் இருக்கலாம். அவர்களுக்கு நகல் இல்லை. மோட்டார் சைக்கிளில் வருகிற வாலிபனுக்கும் நகல் இல்லை. வீட்டில் அவனுக்காகச் சோறு போட்டு மூடி வைத்திருக்கும் தாய்க்கு வேறு பிள்ளையை யாரும் செய்து கொடுக்க முடியாது.

தம்பிகளே, வீட்டில் உட்கார்ந்து எத்தனை கார் வேண்டுமானாலும் மோதுங்கள். ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடுங்கள். வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போது ஆட்டத்தை மறந்துவிடுங்கள்.

கொல்லிமலை வள்ளல் ஆண்ட மலை. அங்கே போகிறவர்கள் பொன்னும் பொருளும் கொடுக்க வேண்டாம். வளைவில் எதிரே வருகிறவருக்குக் கொஞ்சம் வழி கொடுத்தால் போதும்.